வெப்சைட் கணக்கு: எந்த மென்பொருள், எந்தப் பிளகின்? – வாசகர் கேள்வி பதில்

வெப்சைட்டுக்கு வருவோரை அளக்கும் மென்பொருள்கள், அவற்றோடு கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் பிளகின்கள் பற்றி மதுரை வட்டார வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில்கள்.

கேள்வி: கீழமாசி வீதிப் பக்கம் சுங்குடிச் சேலைக் கடை வைத்திருக்கிறோம். வேர்ட்பிரஸ், வூகாமர்ஸில் ஆன்லைன் விற்பனையும் உண்டு. கூகுள் அனலிட்டிக்ஸ் போதும் என்கிறான் மகன். சைட் செய்து கொடுத்த தம்பி மாட்டோமோ போடச் சொல்கிறார். இன்னொருவர் பிளாசிபிள் என்கிறார். எதை எடுப்பது?
– வாசகர், மதுரை

பதில்: உங்களுக்குத் தெரிய வேண்டியது என்ன என்பதை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். எந்தச் சேலையைப் பார்த்தார்கள், எதைக் கூடையில் போட்டார்கள், பணம் கட்டும் பக்கம் வரை வந்து யார் திரும்பிப் போனார்கள் என்பவைதான் உங்கள் கேள்விகள் என்றால், மூன்றில் எது பொருந்தும் என்று சொல்வது எளிது.

கூகுள் அனலிட்டிக்ஸ் 4 இலவசம். சர்வரில் எதையும் நிறுவ வேண்டாம். ஆனால் தனித்தனி நிகழ்வு விவரங்களை அது 2 மாதம்தான் வைத்திருக்கும். அட்மின் பகுதியில் டேட்டா ரிடென்ஷன் என்ற இடத்தில் 14 மாதமாக மாற்றலாம். இலவசக் கணக்கில் அதற்கு மேல் கிடையாது. மாற்றாமல் விட்டால் தீபாவளி விற்பனையின் நுணுக்க விவரம் பொங்கல் வரும்போது கையில் இராது. பொதுவான ரிப்போர்ட்டுகள் இருக்கும். எக்ஸ்ப்ளோர் பகுதியில் அலசிப் பார்க்க முடியாது. மாட்டோமோவில் இருப்பது போன்ற பிளகின் சந்தையும் அதில் இல்லை. விரிவாக்க வேண்டுமென்றால் டேக் மேனேஜர், பிக்குவெரி என்று கூகுளின் வேறு சேவைகளுக்குப் போக வேண்டும்.

பிளாசிபிள் எளிமையானது, ஸ்கிரிப்ட் மிகச் சிறியது. சொந்த சர்வரில் வைத்துக்கொள்ள கிளிக்ஹவுஸ் டேட்டாபேஸ் வேண்டும் என்பதால் ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஓடாது. அதிலும் பிளகின் சந்தை கிடையாது. உமாமியும் ஏறத்தாழ இதே ரகம்: நோட், போஸ்ட்கிரெஸ் இரண்டும் கேட்கும்.

மாட்டோமோ 2018 வரை பிவிக் என்ற பெயரில் இருந்தது. பிஎச்பி, மைசீக்வல் இருந்தால் போதும். சாதாரண ஹோஸ்டிங்கிலேயே ஓடும். உங்களுக்கு எங்கள் பரிந்துரை வேர்ட்பிரஸுக்கான மாட்டோமோ பிளகின். வூகாமர்ஸ் ஆர்டர், கூடை விவரங்களை அது தானாகவே பதிவு செய்யும், தனிக் கட்டணம் இல்லை. குறை ஒன்று உண்டு: எல்லாப் பதிவும் கடையின் டேட்டாபேஸிலேயே சேர்வதால் பேக்கப் வீங்கும். மாதம் 1 லட்சம் பேஜ்வியூவை நெருங்கினால் தனி சர்வருக்கு மாற்றுங்கள். அந்த அளவுக்கு 2 சிபியு, 2 ஜிபி ரேம், 50 ஜிபி எஸ்எஸ்டி போதும். 10 லட்சம் வரை போனால் 4 சிபியு, 8 ஜிபி ரேம், 250 ஜிபி. நாளுக்கு 300 பக்கம் பார்க்கப்படும் கடைக்கு இதெல்லாம் இப்போதைக்குத் தேவையில்லை.

கேள்வி: மாட்டோமோவில் எங்கள் வாடிக்கையாளர் பாதிப் பேர் சென்னை என்று காட்டுகிறது. விற்பது முழுக்க மதுரை, மேலூர், உசிலம்பட்டிக்குத்தான். ஊரைச் சரியாகக் காட்டக் காசு கொடுத்து வாங்கும் பிளகின் இருக்கிறதா? காலை ஐந்தரைக்கு மேல்தான் புது நாள் தொடங்குவதுபோல வேறு இருக்கிறது.
– வாசகி, தல்லாகுளம்

பதில்: இரண்டாவதை முதலில் முடித்துவிடலாம். சைட் அமைப்பில் நேர மண்டலம் யுடிசி (உலகப் பொது நேரம்) என்று இருக்கிறது. ஏஷியா/கொல்கத்தா என்று மாற்றுங்கள். மாற்றிய நாளிலிருந்துதான் சரியாகும். பழைய ரிப்போர்ட்டுகள் அப்படியேதான் இருக்கும்.

ஊர் விஷயத்துக்குக் காசு செலவழிக்காதீர்கள். ஐபி எண்ணை வைத்துத்தான் எந்த மென்பொருளும் ஊரைக் கணிக்கிறது. மொபைல் நெட்வொர்க்கில் ஆயிரக்கணக்கானோர் ஒரே பொது ஐபியைப் பகிர்கிறார்கள். அந்த ஐபி பதிவாகியிருக்கும் இடம் பெரும்பாலும் பெருநகரம். மேலூரில் உட்கார்ந்து பார்ப்பவர் சென்னையாகத் தெரிவது இதனால்தான். எந்தப் பிளகினும் இதைத் தாண்டாது.

இருப்பதை ஓரளவு மேம்படுத்த வழி உண்டு. ஊரைக் கணிக்க ‘ஜியோஐபி 2’ என்ற முறை தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதா, ‘டிபி-ஐபி’ அல்லது ‘ஜியோலைட் 2’ என்ற நகரக் கோப்பு மாதாமாதம் தானாகப் புதுப்பிக்கப்படுகிறதா என்று பாருங்கள். பிறகு தனியுரிமைப் பகுதியில் ஐபி மறைப்பைப் பாருங்கள். வழக்கமாக 2 பைட் மறைக்கப்படும். அதன் கீழேயே ‘விவரம் சேர்க்கும்போதும் மறைத்த ஐபியையே பயன்படுத்தவா’ என்று ஒரு தேர்வு இருக்கிறது. அது ‘ஆம்’ என்றிருந்தால் பாதி எண்ணை வைத்துக்கொண்டுதான் ஊரைத் தேடும். ‘இல்லை’ என்று மாற்றினால் ஊரைக் கணித்த பிறகு மறைத்துச் சேமிக்கும்.

உண்மையான ஊர் உங்களிடமே இருக்கிறது: ஆர்டரில் உள்ள பின்கோடு. அதன் முதல் மூன்று இலக்கத்தை மட்டும் ஒரு கஸ்டம் டைமென்ஷனாக (நாமே சேர்க்கும் கூடுதல் விவரமாக) அனுப்பச் சொல்லுங்கள். 625 என்றால் மதுரையும் தேனிப் பக்கமும். முழு முகவரியை அனுப்ப வேண்டாம். மாட்டோமோவில் விசிட்டுக்கு 5, செயலுக்கு 5 என்று டைமென்ஷன் இடங்கள் இலவசமாகவே உண்டு.

கேள்வி: மல்லிகைப்பூ மொத்த வியாபாரம். வாட்ஸ்அப் குரூப்பில் லிங்க் போடுகிறேன். வருபவர்கள் எல்லாரும் ‘நேரடி வருகை’ என்றே பதிவாகிறார்கள். போன் பண்ணுபவர்களையும் எண்ண முடியவில்லை.
– வாசகர், மாட்டுத்தாவணி

பதில்: வாட்ஸ்அப்பிலிருந்து வரும் சொடுக்கில், எங்கிருந்து வந்தது என்ற தகவல் பெரும்பாலும் சேராது. அதனால்தான் நேரடி வருகை. குரூப்பில் போடும் லிங்கின் வாலில் கேம்பெய்ன் பெயரைச் சேர்த்துப் போடுங்கள். மாட்டோமோ அதைப் பிடித்துக்கொள்ளும். அதை எழுத்துப் பிழையில்லாமல் செய்து தர மாட்டோமோவின் தளத்திலேயே லிங்க் செய்யும் படிவம் இருக்கிறது. பெயர், முக்கியச் சொல் இரண்டு மட்டும் போதுமென்றால் பிளகின் வேண்டாம். எந்தக் குரூப், எந்த வகை விளம்பரம் என்றும் பிரித்துப் பார்க்க மார்க்கெட்டிங் கேம்பெய்ன்ஸ் ரிப்போர்ட்டிங் என்ற பிளகின் இருக்கிறது, இலவசம். குரூப்புக்கு ஒரு பெயர் முடிவு செய்தால் அதையே விடாமல் பயன்படுத்துங்கள். ஒரு நாள் ‘மல்லி’, மறுநாள் ‘மல்லிகை’ என்று போட்டால் ரிப்போர்ட்டில் இரண்டு கேம்பெய்னாக நிற்கும்.

போன் சொடுக்குக்கு மாட்டோமோவோடு வரும் டேக் மேனேஜரே போதும். ‘எல்லா லிங்க் சொடுக்கு’ என்ற டிரிகரை எடுத்து, சொடுக்கிய முகவரி ‘டெல்’ (tel:) என்று தொடங்க வேண்டும் என்று நிபந்தனை வையுங்கள். அதோடு ஒரு ஈவென்ட் டேக்கை இணைத்து, அந்த ஈவென்ட்டை ஒரு கோலாக்குங்கள். பிரிவ்யூவில் வேலை செய்கிறது, சைட்டில் இல்லை என்று வரும் புகார்களில் பெரும்பாலும் பப்ளிஷ் பொத்தானை அழுத்தியிருக்க மாட்டார்கள். அதை முதலில் பாருங்கள்.

கேள்வி: உள்ளூர்ச் செய்தி இணைய இதழ் நடத்துகிறோம். பக்கத்தில் எங்கே சொடுக்குகிறார்கள் என்று காட்டும் ஹீட்மேப் பிளகினைக் கட்டணம் கட்டி வாங்கி நிறுவினோம். ஒரு வாரமாக ஒரு பதிவுகூட இல்லை. இன்னொன்று: பக்க ரிப்போர்ட்டில் பாதிக் கட்டுரைகளைக் காணோம், ‘மற்றவை’ என்று ஒரே வரியாகக் காட்டுகிறது.
– ஆசிரியர் குழு, திருமங்கலம்

பதில்: ஹீட்மேப், ஃபார்ம் அனலிட்டிக்ஸ், மீடியா அனலிட்டிக்ஸ் போன்ற பிளகின்கள் சர்வரில் மட்டும் ஓடுபவை அல்ல. வாசகரின் பிரவுசரில் ஓட வேண்டிய துண்டு ஒன்று ஒவ்வொன்றிலும் உண்டு. பிளகினை இயக்கியதும் மாட்டோமோ அந்தத் துண்டைத் தன் மாட்டோமோ ஜேஎஸ் கோப்புக்குள் ஒட்டும். அந்தக் கோப்பில் எழுத வெப்சர்வருக்கு அனுமதி இல்லையென்றால் ஒட்டாது. பிளகின் ‘இயங்குகிறது’ என்றே காட்டும், ஆனால் ஒன்றும் பதிவாகாது. உங்களுக்கு நடந்திருப்பது அநேகமாக இதுதான்.

சோதிப்பது எளிது. சைட்டில் ஏற்றப்படும் அந்த ஜேஎஸ் கோப்பைப் பிரவுசரிலேயே திறந்து, உள்ளே பிளகின் பெயரைத் தேடுங்கள். இல்லையென்றால் சிஸ்டம் செக் பக்கத்தில் எழுது அனுமதி பற்றிய எச்சரிக்கை இருக்கும். அனுமதியைக் கொடுத்துவிட்டு, கன்சோலில் (கட்டளைகளை எழுதி ஓட்டும் திரையில்) ‘கஸ்டம் மாட்டோமோ ஜேஎஸ் அப்டேட்’ கட்டளையை ஓட்டுங்கள். அனுமதி தர மனமில்லாதவர்கள் ஒவ்வொரு பிளகின் மாற்றத்துக்குப் பிறகும் இந்தக் கட்டளையை உரிய பயனராக ஓட்டினால் போதும்.

கோப்பில் பெயர் இருந்தும் பதிவு இல்லையா? வேகத்துக்காகப் பிரதி எடுத்து வைக்கும் சிடிஎன் அல்லது கேச்சே பழைய கோப்பையே கொடுத்துக்கொண்டிருக்கலாம், காலி செய்யுங்கள். அதுவும் இல்லையென்றால் ஹீட்மேப்புக்கே உரிய ஒரு சிக்கல்: பிளகின் கோப்புறையில் உள்ள கான்ஃபிக்ஸ் பிஎச்பி என்ற கோப்பை வாசகரின் பிரவுசர் கேட்கும். பிளகின் கோப்புறைகளை மொத்தமாகத் தடுக்கும் விதி சர்வரில் இருந்தால் 403 (அனுமதி இல்லை) என்று திரும்பிவிடும். பிரவுசரின் நெட்வொர்க் தாவலில் அது சிவப்பாகத் தெரியும். அந்த ஒரு கோப்புக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். கடைசியாக, பிளகினை நிறுவினால் மட்டும் போதாது. எந்தப் பக்கம், எத்தனை மாதிரி என்று ஒரு ஹீட்மேப்பை நீங்கள் உருவாக்க வேண்டும். இந்த வாரத்துப் பதிவு போனது போனதுதான். எந்தப் பிளகினும் நிறுவிய நாளுக்கு முந்தைய நடமாட்டத்தை மீட்டுத் தராது.

‘மற்றவை’ வரி கோளாறு அல்ல. பக்க ரிப்போர்ட் ஒன்றில் 500 வரி, உட்கோப்புறைக்கு 100 வரி என்பதுதான் மாட்டோமோவின் இயல்பான உச்சம். மிச்சம் ‘மற்றவை’யில் சேரும். கான்ஃபிக் கோப்பின் ஜெனரல் பகுதியில் இந்த எண்களை உயர்த்தலாம். உயர்த்தினால் டேட்டாபேஸும் ரிப்போர்ட் கணக்கிடும் நேரமும் கூடும். ஒரேயடியாக 10,000 போடாமல் 2,000 வைத்துப் பாருங்கள். இதுவும் இனி கணக்கிடப்படும் நாள்களுக்கே பொருந்தும்.

கட்டுரை முகவரிகளைத் தமிழிலேயே வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறோம். குறியேற்றத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 9 எழுத்தாக விரியும். ‘மதுரை’ என்ற ஒரு சொல்லே 45 எழுத்து. வாட்ஸ்அப்பில் பகிரும்போது லிங்க் அரைப் பக்கம் நீள்வதும், நடுவில் வெட்டுப்பட்டு 404 ஆவதும் இதனால்தான். முகவரியில் கட்டுரை எண்ணும் இரண்டு சொல்லும் போதும்.

கேள்வி: வாடிக்கையாளர்கள் பலருக்கு ஒரே மாட்டோமோவில் கணக்கு வைத்திருக்கிறேன். இருபதுக்கு மேல் பிளகின். டேஷ்போர்டு திறக்கவே ஒரு நிமிடம். 4-இலிருந்து 5-க்கு மாற்றியபோது திரை வெள்ளையாகிவிட்டது.
– வெப் டெவலப்பர், வில்லாபுரம்

பதில்: மெதுவாக இருப்பதற்குப் பிளகினைக் குற்றம் சொல்லும் முன், ரிப்போர்ட் எங்கே கணக்கிடப்படுகிறது என்று பாருங்கள். பொது அமைப்பில் ‘பிரவுசரில் பார்க்கும்போது ஆர்கைவ் செய்’ (அதாவது ரிப்போர்ட்டைக் கணக்கிடு) என்பதை நிறுத்திவிட்டு, மணிக்கு ஒருமுறை கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளையைத் தானாக ஓட்டும் வசதியில்) ‘கோர் ஆர்கைவ்’ கட்டளையை ஓட விடுங்கள். கிரான் வெப்சர்வரின் பயனர் பெயரிலேயே ஓட வேண்டும். ரூட்டில் ஓட்டினால் டெம்ப் கோப்புறையில் ரூட் பெயரில் கோப்புகள் விழும். அப்புறம் வெப்சைட் அவற்றில் எழுத முடியாமல் பிழை கொடுக்கும். சிபேனல் ஹோஸ்டிங்கில் கிரான் எடுக்கும் பிஎச்பி, வெப்பில் ஓடும் பிஎச்பியைவிடப் பழையதாக இருப்பதும் உண்டு. முழுப் பாதையையும் கொடுத்து எழுதுங்கள். வெளியீட்டை ஒரு லாக் கோப்பில் சேமித்தால், எங்கே நிற்கிறது என்று மறுநாள் தெரியும்.

அடுத்தது செக்மென்ட், அதாவது வருவோரில் ஒரு பகுதியை மட்டும் பிரித்துப் பார்க்கும் வடிகட்டி. சேமித்து வைத்த ஒவ்வொரு செக்மென்ட்டுக்கும் எல்லா ரிப்போர்ட்டும் மறுபடி கணக்கிடப்படுகிறது. யாரும் பார்க்காத பத்து செக்மென்ட்டை நீக்கினால் பத்துப் பிளகினை நீக்கியதைவிட வேகம் கிடைக்கும்.

பிளகின்களில் எவற்றை வைப்பது? சந்தைப் பக்கத்தில் கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள், 5-ஆம் பதிப்புக்குப் பொருந்துமா, விசிட் பதிவு அட்டவணையில் புதுப் பத்தி சேர்க்கிறதா என்று மூன்றைப் பாருங்கள். கோடிக்கணக்கான வரிகள் உள்ள அட்டவணையில் பத்தி சேர்ப்பது மணிக்கணக்கில் ஓடும். அதைப் பிரவுசரிலிருந்து செய்தால் நேரம் முடிந்து நடுவில் அறுந்துவிடும். பெரிய டேட்டாபேஸ் என்றால் பேக்கப் எடுத்துக்கொண்டு, அப்டேட்டைக் கன்சோலிலிருந்துதான் செய்ய வேண்டும்.

வெள்ளைத் திரைக்கு வருவோம். 2023 இறுதியில் வந்த 5-ஆம் பதிப்பு திரையை வரைய ஆங்குலர்ஜேஎஸ் என்ற நிரல் தொகுப்பை முற்றிலும் கைவிட்டு வியூ என்ற இன்னொன்றுக்கு மாறியது. ஆங்குலர்ஜேஎஸை நம்பி எழுதப்பட்ட பழைய பிளகின்கள் உடைந்தன. பிளகின் ஜேசன் கோப்பில் ‘4-க்கு மேல், 5-க்குள்’ என்று வரம்பு போட்டிருந்தால் பொருந்தாததை மாட்டோமோ தானே நிறுத்தும்; வரம்பு சரியாகப் போடாதவைதான் வம்பு. கன்சோலில் ‘பிளகின் டீஆக்டிவேட்’ கட்டளையால் வெளியாருடைய பிளகின்களை எல்லாம் நிறுத்தி, கேச்சேயைத் துடைத்து, ஒவ்வொன்றாக இயக்குங்கள். கன்சோலும் ஓடவில்லையென்றால் கான்ஃபிக் கோப்பின் பிளகின் பட்டியலிலிருந்து அந்த வரியைக் கையால் நீக்கலாம்.

நீங்களே ஒன்று எழுதவும் முடியும். முதலில் டெவலப்மென்ட் நிலையை இயக்கி, ‘ஜெனரேட் பிளகின்’ கட்டளை கொடுத்தால் எலும்புக்கூடு தயார். ரிப்போர்ட், டைமென்ஷன், அமைப்புப் பக்கம் எல்லாவற்றுக்கும் தனித்தனி ஜெனரேட் கட்டளை உண்டு. வாடிக்கையாளர் கணக்குகள் ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் இதைச் செய்யாதீர்கள். ஜிப் கோப்பாக ஏற்றும் வசதி இயல்பாக மூடியிருக்கும். அது பாதுகாப்புக்காகத்தான், வேலை முடிந்ததும் மறுபடி மூடிவிடுங்கள்.

கேள்வி: டியூஷன் சென்டர் சைட்டில் மாணவர்கள் லாகின் செய்கிறார்கள். அவர்கள் தளத்தில் செய்வதைப் பதிவு செய்யும் செஷன் ரெக்கார்டிங் போடலாமா?
– வாசகர், மேலூர்

பதில்: வேண்டாம். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்கு உட்பட்டவர்களைப் பின்தொடர்வதற்கும் அவர்கள் நடத்தையைக் கண்காணிப்பதற்கும் தடை உண்டு. கல்வி நிறுவனங்களுக்குச் சில விலக்குகள் இருந்தாலும், உங்கள் சென்டர் அதில் அடங்குமா என்று வழக்கறிஞரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். லாகினுக்குப் பிந்தைய பக்கங்களில் ஹீட்மேப், யூசர் ஐடி இரண்டையும் நிறுத்துங்கள். குக்கீ இல்லாமல் பேஜ்வியூ எண்ணிக்கை மட்டும் எடுத்தால் எந்தப் பாடப் பக்கம் அதிகம் திறக்கப்படுகிறது என்பது தெரியும்; சென்டருக்கு அது போதும்.

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் தளத்துக்கு நள்ளிரவில் அமெரிக்காவிலிருந்து கூட்டமாக வருகிறார்கள். பக்தர்களா?
– வாசகர், அலங்காநல்லூர்

பதில்: சிலர் பக்தர்களாக இருக்கலாம், அங்கே அப்போது பகல். ஆனால் ஒரே நகரம், ஒரே திரை அளவு, ஒரே பக்கத்தோடு முடியும் விசிட் என்று வரிசையாக இருந்தால் அவை டேட்டா சென்டரிலிருந்து வரும் பாட்கள், அதாவது தானாக ஓடும் நிரல்கள். டிராக்கிங் ஸ்பாம் ப்ரிவென்ஷன் என்ற இலவசப் பிளகினை நிறுவி, கிளவுட் நிறுவனங்களின் ஐபிகளை விலக்கும் தேர்வையும், ஹெட்லெஸ் பிரவுசரை (திரையில்லாமல் நிரலால் ஓட்டப்படும் பிரவுசரை) விலக்கும் தேர்வையும் இயக்குங்கள். நாடு வாரியாகத் தடுக்கும் தேர்வும் அதில் இருக்கிறது. அதைத் தொட வேண்டாம், நிஜமாகவே நியூஜெர்சியிலிருந்து திருவிழா தேதி பார்ப்பவர்களும் கணக்கில் விழாமல் போவார்கள்.