குறைந்த சுமையில் உறையும் ரேடியேட்டர்

உங்கள் விண்கல மாதிரியில், வெப்பத்தை விண்வெளிக்குக் கதிர்வீசி வெளியேற்றும் தகடான ரேடியேட்டருக்கு 8 கிலோவாட் வெப்பம் வரும்போது எல்லாம் சரியாக ஓடுகிறது, ஆட்கள் இல்லாமல் 1 கிலோவாட்டுக்கு இறங்கினால் அதில் ஓடும் குளிர்விப்புத் திரவமான கிளைக்கால் உறைகிறது என்று எழுதியிருந்தீர்கள். கணக்கில் பிழை இல்லை, இயற்பியலே அப்படித்தான். கதிர்வீச்சு வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் மாறும். 300 கெல்வினில் இருக்கும் தகடு எட்டில் ஒரு பங்கை மட்டும் வெளியேற்ற, ஏறத்தாழ 178 கெல்வினுக்கு, அதாவது மைனஸ் 95 டிகிரி செல்சியஸுக்கு இறங்க வேண்டும். சர்வதேச விண்வெளி நிலையத்தின் வெளிச்சுற்றில் ஓடும் அம்மோனியாகூட மைனஸ் 78-இல் உறைந்துவிடும். ஆகவே திரவத்தை மாற்றிப் பார்ப்பதில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

வடிவம் மாறும் தகட்டை வைத்துப் பாருங்கள். நிக்கல்-டைட்டானியம் போன்ற வடிவ நினைவு உலோகக்கலவை, அதாவது சூடானால் முன்பிருந்த வடிவத்துக்குத் திரும்பும் உலோகம், சூடானால் தகட்டை விரிக்கும். குளிர்ந்தால் தகட்டின் சொந்த மீள்விசையே அதைக் குழாய்போலச் சுருட்டிவிடும். மோட்டார் தேவையில்லை, அதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்தது. உட்பக்க உமிழ்திறன் (முழுமையாகக் கதிர்வீசும் பரப்போடு ஒப்பிட்ட பங்கு) 0.9, வெளிப்பக்கம் 0.05 என்று கொள்ளுங்கள். முழுதாக மூடினால், விரிந்தபோது இரு பக்கமும் வெளியேற்றும் வெப்பத்துக்கும் மூடியபோது வெளியேறும் வெப்பத்துக்கும் உள்ள விகிதம் 19. ஆனால் அகலத்தில் 5% இடைவெளி விட்டுப்போனாலே அந்த இடைவெளி கிட்டத்தட்டக் கரும்பொருள்போல, அதாவது உமிழ்திறன் 1 உள்ள பரப்புபோலக் கதிர்வீசும், விகிதம் 9.5 ஆகக் குறையும். உங்களுக்கு 8 போதும் என்றாலும் இந்த இடைவெளியைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

அப்புறம், விரியும் வெப்பநிலையும் சுருளும் வெப்பநிலையும் ஒன்றல்ல. சுருள்வது இன்னும் குளிர்ந்த பிறகே நடக்கும். மாதிரியில் இரண்டையும் தனித்தனியாகக் கொடுங்கள். சுருண்டு முடியும் வெப்பநிலை கிளைக்காலின் உறைநிலைக்கு மேலே இல்லாவிட்டால், தகடு மூடும் முன்பே திரவம் உறைந்துவிடும்.