15,000 டாலர் சும்மா வருமா?

வீடு வாங்குவது பற்றி நியூ ஜெர்சி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, வீட்டுக் கடன் ஆலோசகராக இருக்கும் நம் அக்கா பதில் சொல்கிறார்.

கேள்வி: அக்கா, நானும் கணவரும் எடிசனில் வாடகைக்கு இருக்கிறோம். இருவருக்கும் கிரீன் கார்டு உண்டு. அவர் மருந்துக்கடையில் டெக்னீஷியன், நான் பள்ளியில் உதவி ஆசிரியை. 4 லட்சம் டாலருக்கு ஒரு டவுன்ஹவுஸ் பிடித்திருக்கிறது. கையில் 18,000 டாலர் இருக்கிறது. "மாநில அரசு 15,000 டாலர் கிரான்ட் தருகிறது, திருப்பித் தர வேண்டாம்" என்கிறார் லோன் ஆபீசர். நம்பலாமா?

பதில்: நம்பலாம் அம்மா. ஆனால் அவர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். மீதிப் பாதியை நான் சொல்கிறேன், ஏனென்றால் அந்த மீதிப் பாதி எனக்கு 10,000 டாலர் செலவு வைத்தது.

2011-ல் நாங்கள் முதல் வீடு வாங்கியபோது ஊர் நிர்வாகத்தின் உதவித் திட்டம் ஒன்றில் 10,000 டாலர் கிடைத்தது. எல்லோரும் அதைக் கிரான்ட் என்றே சொன்னார்கள், நானும் அம்மாவுக்கு போன் செய்து "அரசாங்கம் இனாமாகக் கொடுத்தது" என்று சந்தோஷப்பட்டேன். நாலரை வருடம் கழித்து கணவருக்கு வேலை வேறு மாநிலத்துக்கு மாறியது. வீட்டை விற்றோம். கணக்கு முடிக்கிற அன்று, எங்களுக்கு வர வேண்டிய தொகையிலிருந்து 10,000 டாலர் முழுசாகக் கழிந்திருந்தது. ஐந்து வருடம் அதே வீட்டில் குடியிருந்தால்தான் தள்ளுபடி என்று பத்திரத்தில் இருந்தது. க்ளோசிங் நாளில், அதாவது வீடு நம் பெயருக்கு மாறும் நாளில், நீட்டிய காகிதக் கட்டில் அதுவும் ஒன்று, கீழே என் கையெழுத்து. இன்னும் ஆறு மாதம் வீட்டை வைத்திருந்தால் அந்தப் பணம் எங்களுடையது. அதன் பிறகுதான் நான் இந்த ஆலோசனை வேலைக்கே வந்தேன்.

உங்களுக்குச் சொல்லப்பட்டது நியூ ஜெர்சி வீட்டு வசதி அடமான நிதி முகமையின் திட்டம். நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். வட்டி கிடையாது, மாதத் தவணை கிடையாது. ஆனால் காகிதத்தில் அது இரண்டாவது அடமானம், அதாவது வீட்டின் மேல் இன்னொரு கடன். ஐந்து வருடத்துக்குள் வீட்டை விற்றாலோ, பழைய கடனை அடைத்துப் புதுக் கடனுக்கு மாறி ரீஃபைனான்ஸ் செய்தாலோ, வாடகைக்கு விட்டு வேறு இடம் போனாலோ பணத்தைத் திருப்பித் தர வேண்டும். ரீஃபைனான்ஸ் என்பதைத்தான் நம்மவர்கள் மறந்துவிடுகிறார்கள். இரண்டு வருடத்தில் வட்டி குறைந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்ற நினைப்போடு இதில் இறங்காதீர்கள்.

இன்னொன்று, இந்தப் பணம் தனியாக வராது. முதல் அடமானத்தையும், அதாவது முக்கிய வீட்டுக் கடனையும், அந்த முகமையின் திட்டத்திலேயே, அதில் சேர்ந்திருக்கும் கடன் நிறுவனம் ஒன்றில் வாங்க வேண்டும். அந்த வட்டி விகிதம் வெளியில் கிடைப்பதைவிடக் கூடுதலா என்று வேறு இரண்டு இடங்களிலாவது கேளுங்கள். விண்ணப்பித்த மூன்று வேலை நாளுக்குள் வட்டி, தவணை, செலவு எல்லாம் காட்டும் லோன் எஸ்டிமேட் தர வேண்டும் என்பது சட்டம். மூன்று இடத்து எஸ்டிமேட்டையும் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வருமானத்துக்கும் வீட்டு விலைக்கும் உச்சவரம்பு உண்டு. ஐ.டி. வேலையில் இருக்கும் பல தம்பதிகள் அதைத் தாண்டிவிடுவார்கள். உங்கள் சம்பளத்துக்குத் தகுதி இருக்கும் என்றே நினைக்கிறேன், ஆனால் மிடில்செக்ஸ் கவுன்டிக்கான இந்த வருட வரம்பைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். எஃப்.எச்.ஏ. கடன் (மத்திய அரசின் வீட்டு வசதி நிர்வாகம் காப்பீடு தருவது) என்றால் டவுன் பேமென்ட், அதாவது முன்பணம், 3.5 சதவீதம்: 14,000 டாலர். க்ளோசிங் செலவு பொதுவாக விலையில் 2 முதல் 5 சதவீதம். வக்கீல், மதிப்பீடு, டைட்டில் இன்ஷூரன்ஸ் (வீட்டு உரிமையில் வில்லங்கம் வந்தால் காக்கும் காப்பீடு), பதிவு, அப்புறம் எஸ்க்ரோ என்னும் தனிக் கணக்கில் முன்கூட்டியே கட்டும் சொத்து வரியும் வீட்டுக் காப்பீடும் எல்லாம் இதில்தான் வரும். நம் மாநிலத்தில் சராசரி வீட்டின் சொத்து வரி வருடத்துக்கு 10,000 டாலரைத் தாண்டிவிட்டது, அதனால் 4 சதவீதம் என்றே வையுங்கள்: 16,000. ஆக மொத்தம் 30,000 வேண்டும். உங்கள் 18,000-மும் உதவித்தொகை 15,000-மும் சேர்த்தால் 33,000. சாவி வாங்குகிற அன்று கையில் மிஞ்சுவது 3,000 டாலர்.

அந்த 3,000 எனக்குப் பயமாக இருக்கிறது. வாட்டர் ஹீட்டர் ஒன்று போனால் அதில் பாதி போய்விடும். விற்பவர் க்ளோசிங் செலவில் ஒரு பங்கை ஏற்கலாம், எஃப்.எச்.ஏ. 6 சதவீதம் வரை அனுமதிக்கிறது. ஆனால் ஒரே வீட்டுக்கு நாலு பேர் போட்டி போடும்போது எந்த விற்பவரும் அதற்கு இணங்க மாட்டார். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இன்னும் ஆறு மாதம் வாடகையில் இருந்து 6,000 டாலர் சேர்ப்பேன். வீடு கைநழுவிப் போகுமே என்பீர்கள். போகட்டும், வேறு வீடு வரும்.

வாங்குவதென்றே முடிவு செய்தால், உதவித்தொகைக்கான பத்திரத்தின் நகலை க்ளோசிங்குக்கு இரண்டு வாரம் முன்பே கேட்டு வாங்கி வக்கீலிடம் காட்டுங்கள். "எந்தத் தேதியில் தள்ளுபடி ஆகிறது?" என்று கேட்டு, அந்தத் தேதியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் ஜெர்சி சிட்டியில் எச்-1பி விசாவில் ஐந்து வருடமாக இருக்கிறேன். மதுரையில் என் பெயரில் ஒரு வீடு இருக்கிறது, அப்பா அம்மா குடியிருக்கிறார்கள். என்னை முதல் வீடு வாங்குபவராகக் கணக்கில் எடுப்பார்களா?

பதில்: மதுரை வீடு பொதுவாகத் தடையாகாது தம்பி. கடந்த மூன்று வருடத்தில் நீங்கள் குடியிருந்த சொந்த வீடு ஏதாவது இருந்ததா என்பதுதான் கேள்வி. நீங்கள் இங்கே வாடகையில் இருந்திருக்கிறீர்கள். ஆனால் கடன் விண்ணப்பத்தில் மதுரை வீட்டை மறைக்காமல் எழுதுங்கள். கூட்டாளிகள் சொல்கிறார்களே என்று விட்டுவிட்டால் அது பொய்த் தகவல் கொடுத்த குற்றமாகிவிடும்.

உங்களுக்கு விசாதான் சிக்கல். 2025 மே 25 முதல் எஃப்.எச்.ஏ. கடன் எச்-1பி போன்ற தற்காலிக விசாக்காரர்களுக்குக் கிடையாது. குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். 3 சதவீத முன்பணத்தில் வாங்கும் கன்வென்ஷனல் கடன் (அரசுக் காப்பீடு இல்லாத சாதாரணக் கடன்) இன்னும் திறந்திருக்கிறது. எந்த உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கும் முன், "என் விசாவுக்கு இது உண்டா?" என்று முதல் மின்னஞ்சலிலேயே கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். கட்டணம் கட்டிய பிறகு இல்லை என்று கேட்டுத் தவித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: உதவித்தொகைக்கு எங்கள் வருமானம் கூடுதல் என்று சொல்லிவிட்டார்கள். திருச்சியிலிருந்து என் அம்மா 20 லட்சம் ரூபாய் தருவதாகச் சொல்கிறார். டவுன் பேமென்டுக்குப் பயன்படுத்தலாமா?

பதில்: தாராளமாக. பெற்றோர் தரும் அன்பளிப்பை எஃப்.எச்.ஏ.வும் ஏற்கும், கன்வென்ஷனல் கடனும் ஏற்கும். அம்மாவின் பெயர், உறவு, தொகை, திருப்பித் தர வேண்டியதில்லை என்ற வரி, இவ்வளவும் உள்ள கடிதத்தில் அம்மா கையெழுத்திட வேண்டும். பணம் அம்மாவின் கணக்கிலிருந்து நேராக உங்கள் கணக்குக்கு வரட்டும். சித்தப்பா வழியாக, நண்பர் வழியாக என்று சுற்றி வந்தால் ஒவ்வொரு கணக்குக்கும் விளக்கம் கேட்பார்கள்.

இந்தியாவில் இருப்பவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம், அதனால் வரம்புப் பிரச்சினை இல்லை. ஆனால் 10 லட்சத்துக்கு மேல் போகும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் டி.சி.எஸ்., அதாவது முன்கூட்டியே வாங்கும் வரி, பிடிக்கும். 20 லட்சம் என்றால் 2 லட்சம் ரூபாய். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அம்மா அதைத் திரும்பப் பெறலாம். அதுவரை அவர் கையில் செலவுக்குப் பணம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். மருந்து, மாத்திரைக்கு வைத்திருக்கும் சேமிப்பாக இருந்தால் வாங்காதீர்கள். இருக்கிறது என்று சொன்னால், பணம் உங்கள் கணக்கில் வந்து சேர்ந்த பிறகு வீடு பார்க்கக் கிளம்புங்கள்.