கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையை அடைத்துவிட்டார்கள்

கேள்வி: எங்கள் ஒழுங்கையால்தான் மூன்று தலைமுறையாகக் கடலுக்கு நடந்தோம். காணியைப் புதிதாக வாங்கியவர் முள்ளுக்கம்பி அடித்துவிட்டார். இப்போது வலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றிப் போகிறோம். என்ன செய்யலாம்?
– வாசகி, நிலாவெளி

பதில்: வாசிக்கவே மனது கொதிக்கிறது அக்கா. ஆனால் கம்பியை நீங்களே வெட்டிவிடாதீர்கள், வழக்கு உங்கள் மேல் திரும்பிவிடும். முதலில் பிரதேச சபைக்குப் போய் அந்த ஒழுங்கை சபையின் வீதிப் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். வாயால் சொன்னால் போதாது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எழுத்தில் கேளுங்கள். பட்டியலில் இருந்தால் தடையை அகற்றச் சொல்லிச் சபையிடமே எழுத்தில் முறையிடலாம்.

இல்லாவிட்டாலும் சோர வேண்டாம். தனியார் காணிக்குள்ளால், அனுமதி கேட்காமல், இடைவிடாமல் 10 வருடம் நடந்திருந்தால் வழியுரிமை கோரலாம், 1871ஆம் ஆண்டின் காலாவதிச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. அரச காணிக்கு இது பொருந்தாது. வழக்குகள் சறுக்குவது பெரும்பாலும் எந்தத் தடம் என்று காட்ட முடியாத இடத்தில்தான், அதனால் பழைய உறுதி, நில அளவைப் படம் எல்லாவற்றையும் தேடி எடுங்கள். அந்த ஒழுங்கையால் நடந்த முதியவர்களின் சாட்சியமும் வேண்டும், அவர்கள் இருக்கும்போதே சத்தியக்கடதாசி எடுத்து வையுங்கள். சண்டை மூளும் நிலை என்றால் பொலிஸில் முறைப்பாடு போடுங்கள், விஷயம் ஆரம்ப நீதிமன்றத்துக்குப் போகும், அங்கே தற்காலிகமாகவாவது பாதையைத் திறக்கக் கட்டளை கேட்கலாம்.