‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’: தொட்டில் கடை போர்டு சட்டமாகுமா?

வீட்டில் ஒரு குழந்தை ஓடியாடிக்கொண்டிருக்க, அடுத்த குழந்தைக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள்தான் இந்த வாரம் அதிகம் எழுதியிருக்கிறார்கள். வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர், கொடுங்கையூர் என்று எல்லாமே வடசென்னைப் பக்கம். முதல் கேள்விக்கான பதில் கொஞ்சம் நீளம். அதில் சொல்லும் வழிமுறை மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

கேள்வி: அக்கா, எனக்கு இது எட்டாவது மாதம். பெரியவனுக்கு மூன்று வயது. எம்.சி. ரோடு பக்கம் ஒரு கடையில் 4,800 ரூபாய்க்கு ஸ்டாண்டு தொட்டில் வாங்கினோம். வீட்டில் பூட்டிப் பார்த்தால் ஒரு கால் தரையில் படியவே இல்லை. வெல்டிங் விட்டிருக்கிறது. பெரியவன் கம்பியைப் பிடித்து இழுத்ததும் மொத்தமும் சாய்ந்துவிட்டது. நல்லவேளை, அவன் மேல் விழவில்லை. மறுநாளே கடைக்குப் போனோம். கல்லாவுக்கு மேலே இருக்கும் போர்டைக் காட்டி, ‘விற்ற பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம், வேணும்னா வெல்டு வச்சுத் தர்றோம்’ என்கிறார்கள். பில் என்று கொடுத்தது ‘எஸ்டிமேட்’ என்று எழுதிய துண்டுச்சீட்டு. பணம் ஜிபேயில் போட்டோம். ஒரு வாரம் ஆகிறது. ஏதாவது செய்ய முடியுமா? – வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: முடியும்மா. முதல் வேலையாக அந்தத் தொட்டிலைக் கழற்றிப் பெரியவன் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள். பணம் வருகிறதோ இல்லையோ, அதில் குழந்தையைப் போட வேண்டாம்.

அந்த போர்டு சட்டம் இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. நேர்மையற்ற வணிக நடைமுறைகள் எவை என்று அதன் 2(47) பிரிவு சொல்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பதும் அதில் ஒன்று. பில்லில் கெடு போட்டிருந்தால் அதற்குள் கேட்க வேண்டும். எதுவும் போடவில்லை என்றால் 30 நாள். உங்களுக்கு ஒரு வாரம்தான் ஆகியிருக்கிறது. கலர் பிடிக்கவில்லை, மாமியார் வேறு ஒன்று வாங்கி வந்துவிட்டார் என்பதற்கெல்லாம் இது பொருந்தாது. அங்கே மாற்றித் தருவது கடைக்காரரின் விருப்பம். வெல்டிங் விட்ட கால் பொருளிலேயே உள்ள குறை.

எஸ்டிமேட் சீட்டைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாரிமுனை, சவுகார்பேட்டை, எம்.சி. ரோடு என்று எங்கே போனாலும், ‘பில் போட்டா ஜிஎஸ்டி சேரும், எஸ்டிமேட்டா போட்டுக்கவா?’ என்று கேட்பார்கள். நாலு காசு மிச்சம் என்று நாமும் தலையாட்டிவிடுகிறோம். ஏதாவது ஒன்று உடைந்த பிறகுதான் அந்தச் சீட்டில் கடைப் பெயர்கூட இல்லை என்பது கண்ணில் படுகிறது. குழந்தை படுக்கிற, உட்கார்கிற, வாயில் வைக்கிற எதையும் பில் இல்லாமல் வாங்காதீர்கள். பில் தராமல் இருப்பதும் அதே 2(47) பிரிவில் வருகிறது. உங்கள் கையில் சீட்டும் ஜிபே பதிவும் இருப்பதால், பொருளை அங்கேதான் வாங்கினீர்கள் என்று காட்டுவதில் சிக்கல் இருக்காது.

இப்போதைக்கு யாரையும் வெல்டு வைக்க விடாதீர்கள். வைத்துவிட்டால் குறை இருந்ததற்கு அடையாளமே இருக்காது. உங்கள் வீட்டுக்காரரோ வேறு யாரோ தொட்டிலைப் பூட்டி, கால் தரையில் படியாமல் ஆடுவதைப் பகல் வெளிச்சத்தில் வீடியோ எடுக்கட்டும். வெல்டிங் விட்ட இடத்தை மட்டும் கிட்டத்தில் ஒரு போட்டோ. அட்டைப்பெட்டியில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, தயாரித்த மாதம், எம்.ஆர்.பி. இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அந்த வெறும் பெட்டியையும் போட்டோ எடுங்கள்.

அப்புறம் கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு எழுத்தில் அனுப்புங்கள். ‘இந்தத் தேதியில் உங்கள் கடையில் 4,800 ரூபாய்க்கு வாங்கிய தொட்டிலின் கால் வெல்டிங் விட்டிருக்கிறது. மறுநாளே நேரில் வந்து சொன்னோம். ஏழு நாளுக்குள் பொருளை எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தரவும். இல்லையேல் நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்வோம்.’ இவ்வளவு போதும். திட்ட வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். கூடவே வீடியோ, சீட்டு, ஜிபே ரசீது.

பதில் வராவிட்டால் 1915. இது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். அவர்கள் கடைக்காரரிடம் பேசித் தீர்த்துவைக்கப் பார்ப்பார்கள், உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது. உத்தரவு வேண்டும் என்றால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. கடை எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் பதியலாம் என்பதால் நிறைமாதத்தில் அலைய வேண்டியதில்லை. பிரச்சினை தொடங்கிய நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம் உண்டு. பிரசவம் முடிந்துகூடச் செய்யலாம்.

மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் வழக்கு அதற்கு மேலும் இழுக்கலாம். அதனால் வாட்ஸ்அப் கடிதத்தையும் 1915-ஐயும் முழுசாகப் பயன்படுத்துங்கள். எழுத்தில் போனாலே பல கடைக்காரர்கள் இறங்கி வருவார்கள்.

புதுத் தொட்டில் வரும்வரை குழந்தைக்குக் கெட்டியான, சமமான மெத்தை போதும். தலையணை இல்லாமல் மல்லாக்கப் படுக்கவையுங்கள். தூளி கட்டுவதாக இருந்தால், குழந்தையை எடுத்ததும் சேலையைச் சுருட்டி முடிச்சுப் போட்டுக் கொக்கியிலேயே உயரத் தூக்கி மாட்டிவிடுங்கள். தொங்கும் வெறும் தூளியில் மூன்று வயதுப் பிள்ளை சுற்றி விளையாடினால் கழுத்தில் முறுக்கிக்கொள்ளும். அப்படி உயிர்போன செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் மனசு ஆறுவதில்லை.

கேள்வி: மனைவிக்கு அடுத்த மாதம் பிரசவம். முதல் குழந்தைக்கு மூன்று நாள் பால் சரியாகச் சுரக்கவில்லை. இந்த முறை முன்கூட்டியே பால்பவுடர் வாங்கி வைத்துவிடலாம் என்று மெடிக்கலில் கேட்டேன். இரண்டு டின் எடுத்தால் ஃபீடிங் பாட்டில் இலவசம் என்றார்கள். வாங்கலாமா? – வாசகர், திருவொற்றியூர்

பதில்: வேண்டாம் தம்பி. அந்த இலவசமே சட்டத்துக்கு விரோதமானது. குழந்தைகளுக்கான பால்பவுடர், ஃபீடிங் பாட்டில், இரண்டு வயது வரைக்குமான குழந்தை உணவு ஆகியவற்றுக்கென்றே 1992-ல் தனிச்சட்டம் வந்தது. 2003-ல் அதை இன்னும் இறுக்கினார்கள். விளம்பரம், தள்ளுபடி, பரிசு, இலவச சாம்பிள் எதுவும் கூடாது. டின் மேல் குழந்தை படம் போடக் கூடாது. தாய்ப்பாலே குழந்தைக்குச் சிறந்தது என்ற வாசகம் கண்டிப்பாக இருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் இருப்பவர்கள் ஒரு கம்பெனி டின்னைச் சிபாரிசு செய்து கமிஷன் வாங்குவதையும் இதே சட்டம் தடுக்கிறது. பெற்றவளுக்குத் தன் பாலின் மேல் நம்பிக்கை குறையும் அந்த முதல் சில நாட்களைப் பார்த்துத்தான் விற்க வருவார்கள். அந்த நேரத்தில் குடும்பம் அவள் பக்கம் நிற்க வேண்டும்.

பிறந்த முதல் நாளில் குழந்தை ஒரு வேளைக்குக் குடிப்பது ஒரு டீஸ்பூன் அளவுதான். சுரக்கும் சீம்பாலும் அந்த அளவில்தான் இருக்கும். ‘பால் பத்தலை’ என்று தோன்றுவது பல நேரம் இதனால்தான். அடிக்கடி மார்பில் போட்டால் பால் கூடிவரும். முதல் குழந்தைக்கு எங்கே சிரமப்பட்டார் என்பதை இப்போதே டாக்டரிடம் சொல்லி வையுங்கள். டின் தேவை என்று அவர் எழுதிக் கொடுத்தால் அன்றைக்கு வாங்கிக்கொள்ளலாம், எந்த மெடிக்கலிலும் கிடைக்கும். வீட்டில் தயாராக இருந்தால் இரவு இரண்டு மணி அழுகைக்கு யாராவது அதைப் பிரித்துவிடுவார்கள்.

கேள்வி: டயப்பருக்கு ஜிஎஸ்டி குறைந்துவிட்டது என்கிறார்கள். எங்கள் கடையில் விலை அப்படியே இருக்கிறதே? – வாசகி, பெரம்பூர்

பதில்: 2025 செப்டம்பர் 22 முதல் குழந்தைகளின் டயப்பருக்கும் ஃபீடிங் பாட்டிலுக்கும் வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகியிருக்கிறது. பில்லில் எத்தனை சதவீதம் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். இன்னும் 12 என்று இருந்தால் 1915-க்குச் சொல்லலாம். பாக்கெட்டில் ஒரு டயப்பர் என்ன விலை என்பதும் அச்சாகியிருக்கும். ‘மெகா பேக்’ மலிவா என்பதை அதை வைத்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி: பேரனுக்கு எட்டு மாதம். மருமகள் மறுபடி உண்டாகியிருக்கிறாள், ஓடிப் பிடிக்க முடியவில்லை. காசி செட்டித் தெருவில் மியூசிக் போடும் வாக்கர் மலிவாகக் கிடைக்கிறது. நல்லதாகப் பார்த்து வாங்குவது எப்படி? – வாசகி, ராயபுரம்

பதில்: அம்மா, வாக்கரே வேண்டாம். 2004-ல் கனடா அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது. குழந்தை மருத்துவர்களும் வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள். வாக்கர் நடையைச் சீக்கிரம் கொண்டுவராது. சக்கரத்தில் உட்கார்ந்த எட்டு மாதக் குழந்தை ஒரு நொடியில் வாசப்படி வரை போய்விடும். நம் பக்கத்து வீடுகளில் வாசலைத் தாண்டினால் செங்குத்தான மாடிப்படி, உள்ளே திரும்பினால் அடுப்பு. எட்டாத உயரத்தில் இருந்த டீ டம்ளரும் வாக்கரில் இருந்தால் எட்டும். மருமகளுக்கு ஓய்வு வேண்டும் என்று நீங்கள் நினைப்பது ரொம்ப நல்ல மனசு. அதற்கு ஒரு மூலையில் பாய் விரித்து, சுற்றி மறைப்பு வைத்து, உள்ளே நாலு சாமான் போட்டு விடுங்கள். தானாக எழுந்து நிற்கத் தொடங்கியதும் மரத்தில் செய்த நடைவண்டி வாங்கிக் கொடுங்கள். பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும் தள்ளட்டும்.

பொம்மை வாங்குவதாக இருந்தால் 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்குட்பட்டவர்களின் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரையோடு சி.எம்./எல். என்று ஒரு எண் இருக்கும். பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் அதைப் போட்டால் உண்மையான உரிமமா என்று தெரிந்துவிடும். கடையில் நின்றபடியே பேரப்பிள்ளைகள் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மனைவிக்கு ஆறாவது மாதம், மகளுக்கு இரண்டரை வயது. செக்கப்புக்கு மூன்று பேரும் பைக்கில்தான் போகிறோம். குழந்தைக்கு பெல்ட் வாங்க வேண்டுமா? – வாசகர், எண்ணூர்

பதில்: ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரை பெல்ட்டும் ஹெல்மெட்டும் கட்டாயம் என்று 2022 பிப்ரவரியில் விதி வந்தது. ஒரு வருடம் கழித்து நடைமுறைக்கு வந்தது. பெல்ட் குழந்தையை ஓட்டுபவரோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும், 30 கிலோ தாங்க வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. இதெல்லாம் நீங்களும் மகளும் மட்டும் போகும்போது. கன்டெய்னர் லாரிகள் ஓடும் அந்த ரோட்டில், வயிற்றுப்பிள்ளையோடு மூன்று பேராகப் போவதற்கு எந்த பெல்ட்டையும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, விம்கோ நகரிலிருந்து மெட்ரோவும் இருக்கிறது. செக்கப் நாளில் அப்படிப் போய்விடுங்கள்.

கேள்வி: நான்கு மாதம் ஆகிறது. இப்போது ஹெல்த் இன்சூரன்ஸ் எடுத்தால் பிரசவச் செலவு முழுவதும் கிடைக்கும் என்று ஏஜென்ட் சொல்கிறார். இது இரண்டாவது பிரசவம். – வாசகி, கொடுங்கையூர்

பதில்: கிடைக்காதும்மா. தனியாக எடுக்கும் பாலிசிகளில் பிரசவத்துக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. ஒன்பது மாதத்திலிருந்து நான்கு வருடம் வரை பாலிசிக்குப் பாலிசி மாறும். அந்தக் காலம் முடிவதற்கு முன்பே உங்கள் பிரசவம் வந்துவிடும். சொன்னதை எழுத்தில் தரும்படி ஏஜென்ட்டிடம் கேளுங்கள், அதிலேயே தெரிந்துவிடும். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால், பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம். வீட்டுக்காரர் வேலை செய்யும் இடத்தில் குரூப் பாலிசி இருந்தால் எச்.ஆரிடம் விசாரியுங்கள். பலவற்றில் முதல் நாளிலிருந்தே பிரசவத்துக்கு உண்டு.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் முதல் இரண்டு பிரசவங்களுக்கு 18,000 ரூபாய் மதிப்பில் தவணைப் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் தருகிறார்கள். ஒவ்வொரு தவணைக்கும் நிபந்தனைகள் உண்டு. பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்னும் பதியவில்லை என்றால் இந்த வாரமே போய்ப் பதிந்து, எது எது கிடைக்கும் என்று செவிலியரிடம் கேளுங்கள். அங்கே தரும் பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிந்ததற்கான எண்) குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் வேண்டும், தனியார் ஆஸ்பத்திரியில் பெற்றாலும் சரி. போகும்போது ஆதார் அட்டை, உங்கள் பெயரில் உள்ள வங்கிப் பாஸ்புக், ஸ்கேன் ரிப்போர்ட் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள்.