காலி மனையை விற்கும் முன்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் அப்பா 1994-இல் செங்கல்பட்டுக்கு அருகே ஒரு கிரவுண்டு காலி மனையைக் கிரயம் வாங்கினார். 2019-இல் உயில் எழுதாமலேயே காலமாகிவிட்டார். அம்மா, நான், தங்கை, தம்பி ஆகிய நால்வரும் இருக்கிறோம். பட்டா இன்றும் மனை பிரித்து விற்றவரின் பெயரிலேயே உள்ளது. தரகர் ஒருவர், "பார்ட்டி தயாராக இருக்கிறது, முன்பணம் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று அவசரப்படுத்துகிறார். தம்பியோ, "நீங்கள் எல்லோரும் எனக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடுங்கள் அக்கா, விற்றபின் பங்கைக் கொடுத்துவிடுகிறேன்" என்கிறான். நாங்கள் எதை முதலில் செய்ய வேண்டும்?
– வாசகி ஒருவர், தாம்பரம்

பதில்: முன்பணத்தை இப்போது வாங்காதீர்கள். முன்பணம் வாங்கினால் கிரய ஒப்பந்தம் எழுத வேண்டியிருக்கும். தமிழ்நாட்டில் அந்த ஒப்பந்தத்தைப் பதிவு செய்தாக வேண்டும். பதிவானதும் அது வில்லங்கச் சான்றில், அதாவது சொத்தின் மீதுள்ள பதிவுகளைக் காட்டும் சான்றில், ஏறிவிடும். ஒப்பந்தக் கெடுவுக்குள் உங்கள் ஆவணங்கள் தயாராகாமல் பேச்சு முறிந்தால், அந்தப் பதிவை நீக்குவதற்கு வாங்க வந்தவரும் வந்து கையெழுத்திட வேண்டும்; அவர் மறுத்தால் மனை பல ஆண்டுகள் முடங்கிப்போகும்.

அடுத்தது உரிமை. அப்பா தம் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்து, உயிலும் இல்லை என்பதால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கும் பிள்ளைகள் மூவருக்கும் சமபங்கு உண்டு. திருமணமாகிப் போனதாலோ, சீர் செய்ததாலோ உங்கள் பங்கும் தங்கையின் பங்கும் குறையாது. இங்கே பலர் கவனிக்கத் தவறும் ஒன்றைக் கேட்கிறேன்: 2019-இல் அப்பா காலமானபோது அப்பாவைப் பெற்ற பாட்டி உயிருடன் இருந்தாரா? இருந்திருந்தால் அவரும் சம வாரிசு, பங்குகள் ஐந்தாகும். அவர் பின்னர் உயில் எழுதாமல் மறைந்திருந்தால், அவருடைய ஐந்தில் ஒரு பங்கில் உங்கள் பெரியப்பா, சித்தப்பா, அத்தைமாருக்கும் உரிமை வந்திருக்கும். வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றில் பாட்டியின் பெயர் விடுபட்டிருந்தாலும் அந்த உரிமை இல்லாமல் போய்விடாது. வாங்குபவரின் வழக்கறிஞர் கூர்மையானவராக இருந்தால் முதல் நாளே இதைக் கேட்டுவிடுவார்.

தம்பி சொல்லும் யோசனைக்கு நான் உடன்பட மாட்டேன். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட்டுப் பதிவு செய்த அந்த நிமிடமே மனையில் உங்களுக்கும் அம்மாவுக்கும் இருந்த உரிமை முடிந்துவிடுகிறது. "பிறகு தருகிறேன்" என்ற வாய்ச்சொல் மட்டுமே உங்கள் கையில் எஞ்சும். கணவரை இழந்த உங்கள் அம்மாவின் முதுமைக்கு இந்தப் பங்கே பெரிய பாதுகாப்பு. ஆகவே வாரிசுகள் அனைவரும் சேர்ந்து நேரடியாகக் கிரயப் பத்திரத்தில் கையெழுத்திடுங்கள். அவரவர் பங்குத் தொகை அவரவர் வங்கிக் கணக்குக்கு வரும்படி பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். விடுதலைப் பத்திரத்துக்கான செலவும் மிச்சமாகும். பதிவன்று வர இயலாதவர் மட்டும், தம் சார்பில் கையெழுத்திட இன்னொரு வாரிசுக்குப் பதிவு செய்யப்பட்ட அதிகாரப் பத்திரம் கொடுக்கலாம். அப்படியானால் பத்திரப்பதிவின்போது அதிகாரம் கொடுத்தவர் உயிருடன் இருப்பதற்கான சான்றும் தேவைப்படும்.

பட்டா மனை விற்றவரின் பெயரில் இருப்பதால், அப்பாவின் கிரயப் பத்திரம், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவற்றை இணைத்து இ-சேவை மையம் வழியாக உங்கள் அனைவரின் பெயரிலும் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பியுங்கள். உட்பிரிவு செய்ய, அதாவது பெரிய நிலத்திலிருந்து உங்கள் மனையைத் தனி எண்ணாகப் பிரிக்க, நில அளவர் நேரில் வந்து அளப்பார். அந்த நாளில் நீங்களும் அவசியம் அங்கே இருங்கள்; பல ஆண்டுகள் வேலியில்லாமல் கிடந்த மனையில் பக்கத்துச் சுவர் இரண்டடி உள்ளே வந்திருப்பது அளக்கும்போதுதான் தெரியவரும். அதே சமயம், மனை எண்ணைக் கொண்டு மட்டுமல்லாமல் சர்வே எண்ணைக் கொண்டும் 1994-க்கு முன்பிருந்து வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். பட்டா இன்னும் பழைய உரிமையாளரின் பெயரில் இருக்கும் மனைகளை, அவரோ அவருடைய வாரிசுகளோ மீண்டும் வேறொருவருக்கு எழுதிக் கொடுத்துவிடும் மோசடி நம் மாநிலத்தில் நடக்கக்கூடியதே.

மனைப்பிரிவு அங்கீகாரம் பெற்றதா என்றும் பார்க்க வேண்டும். அங்கீகாரம் இல்லாவிட்டாலும், வீட்டுமனையாக முன்பே பதிவானது என்பதால் மறுபதிவுக்கு வழி உண்டு. ஆனால் வரன்முறை செய்யாத, அதாவது அரசு விதிப்படி முறைப்படுத்திக்கொள்ளாத, மனைக்குக் கட்டட அனுமதியோ வங்கிக் கடனோ கிடைப்பது கடினம். விலையும் அதற்கேற்பக் குறையும். 20.10.2016-க்கு முன் பதிவான மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்தன. விண்ணப்ப நிலவரத்தை உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டு, கட்டணத்தைச் செலுத்தி முடித்துவிட்டு விலை பேசுவது உங்களுக்கு நல்லது.

கேள்வி: வாங்குபவர், வழிகாட்டி மதிப்புக்கு (பதிவுக்காக அரசு நிர்ணயித்த மதிப்பு) மட்டும் பத்திரம் போட்டு மீதியை ரொக்கமாகத் தருவதாகச் சொல்கிறார். ஏற்கலாமா?
– வாசகர் ஒருவர், திருச்சி

பதில்: வேண்டாம். நிலம் விற்பதற்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். முழு விலையைக் காட்டினால் வரி தாங்க முடியாது என்று பலர் அஞ்சுகிறார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்த நிலத்தின் லாபத்துக்கு வரி 12.5 சதவீதம். நிலத்தை 23.7.2024-க்கு முன் வாங்கியிருந்தால், இந்தியாவில் வசிக்கும் தனிநபர் பணவீக்கத்துக்கேற்ப அடக்கவிலையை உயர்த்திக் கணக்கிட்டு 20 சதவீதம் என்ற முறையில் வரும் வரியோடு ஒப்பிட்டு, எது குறைவோ அதைச் செலுத்தினால் போதும். விற்ற பணத்தில் உரிய காலத்துக்குள் குடியிருக்க வீடு வாங்கினால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அந்த வரியிலிருந்தும் விலக்குப் பெறலாம். ஆனால் பத்திரத்தில் காட்டாமல் ரொக்கமாக வாங்கிய பணத்துக்கு அந்தச் சலுகையைக் கோர உங்களிடம் ஆதாரமே இருக்காது.