‘சர்வதேச அனுமதி’ ஒரு நாளுக்கு 12,000 ரூபாயாம்! ஒரு சதமும் கொடுக்காதீர்கள்

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் சின்னதாக ஒரு சாப்பாட்டுக்கடையும் நான்கு வாடகை அறைகளும் நடத்துகிறேன். கடற்கொள்ளையர் மாதிரிப் பேசும் நாள், கணக்கில் வரும் பை (π) நாள், தேநீர் நாள் என்று வெளிநாட்டில் கொண்டாடும் வேடிக்கை நாட்களை நாங்களும் கொண்டாடினால் ஆட்கள் வருவார்கள் என்கிறான் மகன். ஆனால் டவுனில் ஒருவர், ஒவ்வொரு நாளுக்கும் ‘சர்வதேச அனுமதி’ எடுக்க வேண்டும், ஒரு நாளுக்கு 12,000 ரூபாய், எடுக்காவிட்டால் தண்டம் கட்ட வரும் என்கிறார். வேலைக்கு நிற்கும் பிள்ளைகள் அன்றைக்கு லீவு கேட்பார்களோ என்ற பயமும் இருக்கிறது. என்ன செய்யலாம்? (வாசகி, உப்புவெளி)

பதில்: பணத்தைக் கொடுத்துவிட்டீர்களா, இல்லையா என்று நீங்கள் எழுதவில்லை. இன்னும் கொடுக்கவில்லை என்றால் அந்த ஆளின் தொலைபேசியை எடுக்காதீர்கள். அப்படி ஒரு அனுமதி இலங்கையிலும் இல்லை, வேறெங்கும் இல்லை. இருபது வருடத்துக்கு மேலாக இந்த ஊரில் பள்ளிக்கூட விழா, ஹோட்டல் விழா என்று செய்து வருகிறேன். பளபளக்கும் ஸ்டிக்கர் ஒட்டிய இந்தக் கடதாசியை நானும் பார்த்திருக்கிறேன். ‘உலக சாதனைச் சான்றிதழ்’ விற்பதும் பெரும்பாலும் இதே ஆட்கள்தான்.

இந்த நாட்கள் எப்படிப் பிறந்தன என்று தெரிந்தால் உங்கள் பயம் பாதி போய்விடும். கடற்கொள்ளையர் நாளை எடுங்கள். 1995இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோன் பாவர், மார்க் சம்மர்ஸ் என்று இரண்டு நண்பர்கள் பந்து விளையாடும்போது பகிடிக்குத் தொடங்கியது அது. செப்டெம்பர் 19ஐ ஏன் தெரிவு செய்தார்கள்? அவர்களில் ஒருவருடைய முன்னாள் மனைவியின் பிறந்தநாளாம், மறக்காது என்பதற்காக! 2002இல் டேவ் பாரி என்ற நகைச்சுவைப் பத்தி எழுத்தாளர் அதைப் பற்றி எழுதினார், உலகம் பிடித்துக்கொண்டது. இதில் யார் யாரிடம் அனுமதி வாங்கினார்கள்? உப்புவெளியில் தலையில் துணி கட்டிக்கொண்டு மீன் பொரிப்பதற்கு யாருக்கு 12,000 ரூபாய்?

அமெரிக்காவில் சில தனியார் நிறுவனங்கள் காசு வாங்கிக்கொண்டு தங்கள் நாட்காட்டியில் ஒரு புது நாளைப் போட்டு, கண்ணாடி போட்டு மாட்டும் பத்திரமும் அனுப்புவது உண்மை. அது விளம்பரம், அவ்வளவுதான். சட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நீங்கள் புது நாளைக் கண்டுபிடிக்கப் போவதும் இல்லை. ஒரு நாள் உண்மையாகவே உத்தியோகபூர்வமாக வேண்டும் என்றால் ஐ.நா. பொதுச்சபையிலோ யுனெஸ்கோ போன்ற அதன் அமைப்பிலோ நாடுகள் தீர்மானம் கொண்டுவர வேண்டும். 2001இல் சிங்கப்பூர்க்காரர் ஒருவர் தொடங்கிய உலகக் கழிப்பறை நாளை ஐ.நா. ஏற்றுக்கொண்டது 2013இல்தான். உங்கள் டவுன் புரோக்கர் இரண்டு நாளில் எடுத்துத் தருவாராக்கும்!

லீவு விஷயம் சின்னது. இந்த நாட்டில் பொது விடுமுறைகள் 1971ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விடுமுறைச் சட்டத்தின்படி வருபவை. பை நாளும் கொள்ளையர் நாளும் அதில் இல்லை, வழமையான வேலை, வழமையான சம்பளம். ஆனால் அன்றைக்கு வேடம் போட்டு ஆடச் சொல்கிறீர்கள் என்றால் பிள்ளைகளுக்குக் கைச்செலவுக்கு ஏதாவது கொடுங்கள். அது என் அபிப்பிராயம்.

அப்புறம் எந்த நாளை எடுப்பது? எல்லாவற்றையும் பிடிக்காதீர்கள், வருடத்துக்கு மூன்று போதும். பை நாள் மார்ச் 14. வட்டத்தின் சுற்றளவைக் குறுக்களவால் பிரித்தால் வரும் எண்தான் பை, கிட்டத்தட்ட 3.14. அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுவதால் 3.14 வருகிறது. 1988இல் சான் பிரான்சிஸ்கோவின் அறிவியல் அருங்காட்சியகம் ஒன்றில் லாரி ஷா என்பவர் தொடங்கினார், பிறகு 2019இல் யுனெஸ்கோ அதையே சர்வதேச கணித நாள் ஆக்கியது. நாங்கள் நாளை முதலில் எழுதுகிறவர்கள். ஆகவே எங்களுக்கு 22/7, அதாவது ஜூலை 22, நன்றாகப் பொருந்தும். கணக்குப் பார்த்தால் 3.14ஐ விட 22/7தான் பையின் உண்மைப் பெறுமதிக்குக் கிட்ட. ஜூலையில் கச்சான் காற்று அடிக்கும், வெயில் கொளுத்தும், ஆனால் உங்கள் அறைகள் நிரம்பியிருக்கும் காலம் அதுதானே. ஒரு நூலும் அடிமட்டமும் மேசையில் வையுங்கள். வருகிறவர் தன் தேங்காய் ரொட்டியின் ஓரத்தைச் சுற்றி நூலால் அளந்து, குறுக்களவால் பிரிக்கட்டும். 3.14க்குக் கிட்ட வருகிறவருக்கு ஒரு பிளேன்ரீ. ஆப்பத்தில் முயற்சி செய்யாதீர்கள், ஓரம் நொறுங்கிவிடும். நான் செய்து பார்த்துக் கெட்டேன்.

கொள்ளையர் நாள் சீசன் முடியும் நேரத்தில் வருவதால் நல்லது. ரம் இல்லாத கொள்ளையனா என்று வெள்ளைக்காரர் கேட்பார்கள். மதுபான லைசன்ஸ் இல்லாவிட்டால் ஜிஞ்சர் பியர்தான், பேச்சே இல்லை. ஒன்று மட்டும். போர்த்துக்கேயர் 1620களில் கோணேசர் கோயிலை இடித்த ஊர் இது. வாளும் கறுப்புக்கொடியுமாக அந்த இடத்துக் கோட்டை வாசலில் போய் நின்று படம் எடுக்காதீர்கள். பகிடி எல்லா இடத்திலும் பகிடியாக இருக்காது. கதை வேண்டுமென்றால் கொட்டியாரம் இருக்கிறது. 1660இல் ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயரும் கப்பல் ஆட்களும் அங்கே பிடிபட்டு கண்டி அரசனின் கைதிகளான கதையைச் சொல்லுங்கள். பிடிபட்டது வெள்ளைக்காரர், சிரித்துக்கொண்டே கேட்பார்கள்.

தேநீர் நாளில்தான் கவனம் வேண்டும். இது இரண்டு தேதிகளில் உண்டு. தேயிலை விளையும் நாடுகள் 2005 முதல் டிசம்பர் 15இல் கொண்டாடின. ஐ.நா. 2019இல் மே 21 என்று தீர்மானித்தது. டிசம்பரில் எங்களுக்கு மழை, வாடைக்காற்று, கடையில் நீங்களும் பூனையும்தான் இருப்பீர்கள். ஆகவே மே 21. ஆனால் மே என்றால் பௌத்தர்களின் வெசாக் மாதம், சில வருடங்களில் வெசாக் போயாவும் (பௌர்ணமி) தேநீர் நாளும் ஒட்டி வரும், ஒரே நாளில் வருவதும் உண்டு. அன்று வீதியோரம் மேசை போட்டு இலவசமாகத் தேநீர் ஊற்றினால் அதற்குப் பெயர் தன்சல். தன்சல் நடத்துகிறவர்கள் முன்கூட்டியே பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் பதிய வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் அறிவிப்பார்கள். நீங்கள் ‘இல்லை ஐயா, இது ஐ.நா. தேநீர் நாள்’ என்று விளக்கிக்கொண்டிருக்க, தண்ணீர் எங்கே எடுத்தீர்கள், சமைப்பவருக்கு மருத்துவச் சான்று எங்கே என்று அவர் கேட்டுக்கொண்டிருப்பார். அவரிலும் பிழை இல்லை. கடைக்குள் அரை விலைக்குக் கொடுத்தால் அது வியாபாரம். முதல் ஐம்பது பேருக்கு இலவசம் என்று கடைக்கு வெளியே கொடுத்தால் கதை வேறு. ஆகவே வருடத் தொடக்கத்திலேயே நாட்காட்டியை எடுத்துப் போயா நாட்களைச் சிவப்பால் வட்டமிடுங்கள். மோதினால் உங்கள் தேநீர் நாளை ஒரு வாரம் தள்ளுங்கள். யாரும் கேட்க மாட்டார்கள்.

உண்மையான அனுமதி ஒன்று உண்டு, அது ஒலிபெருக்கிக்கு. பொலிஸ் நிலையத்தில் எடுக்க வேண்டும், நீங்களே போங்கள். ‘நான் எடுத்துத் தருகிறேன்’ என்று வாசலில் நிற்கிறவர் உள்ளே போய் உங்கள் கடிதத்தைத்தான் கொடுப்பார், கூலி மட்டும் அவருக்கு. கடிதத்தைத் தமிழில் எழுதுங்கள். வடக்கு, கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பே சொல்கிறது. ஒரு முறை ஓர் அலுவலகத்தில் எனக்குச் சிங்களத்தில் கொண்டுவா என்றார்கள், பிறகு பிரதி இல்லை என்றார்கள், மூன்றாம் தரம் போனபோது கையொப்பமிடுகிறவர் லீவில். விழா முடிந்து நான்காம் நாள் அனுமதி வந்தது. அதை இன்னும் வைத்திருக்கிறேன். ஆகவே இரண்டு கிழமைக்கு முன்பே கொடுத்து, ஏற்றுக்கொண்டதற்கு பிரதியில் முத்திரை வாங்குங்கள். அதைவிட நல்ல யோசனை, ஒலிபெருக்கியே வேண்டாம். பறை அடிக்கத் தெரிந்த ஒரு பொடியன் போதும்.

மகன் ட்ரோன் பறக்கவிட ஆசைப்பட்டால் தடுத்துவிடுங்கள். சீனக்குடாவில் விமானப்படை, துறைமுகத்தில் கடற்படை. சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையில் பதிவு, அதற்குமேல் அனுமதி என்று அது வேறு உலகம். புறாமலைத் தீவில் கொண்டாடலாமா என்றும் கேட்பான். அது 2003இலிருந்து தேசியப் பூங்கா, விழா மண்டபம் அல்ல.

பலூன் கட்டினால் இரவே அவிழ்த்துவிடுங்கள். இந்த ஊர் மான்கள் வீதியில் கிடக்கும் பொலித்தீனைத் தின்கின்றன, ரிப்பனையும் விடாது.