கார்டு இல்லாத கிரைண்டரில் பெரிய டிஸ்க்கா? வேண்டாம் தம்பி

இரும்பு அறுக்கும் நாலு இஞ்ச் கை கிரைண்டரில், டிஸ்க்கை மறைக்கும் பாதுகாப்பு மூடியான கார்டைக் கழற்றிவிட்டு ஏழு இஞ்ச் டிஸ்க் மாட்டச் சொல்கிறார் சூப்பர்வைசர், மறுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக மறுங்கள் தம்பி. டிஸ்க்கின் முகத்தைப் பாருங்கள், 8,500 ஆர்.பி.எம். என்று அச்சடித்திருக்கும்; நிமிடத்துக்கு அத்தனை சுற்றுதான் அது தாங்கும். உங்கள் மெஷினோ நிமிடத்துக்கு 11,000 சுற்றோ அதற்கு மேலோ ஓடும். துளையும் பொருந்தாது, ஏதோ வாஷர் செருகித்தான் மாட்ட வேண்டும். அந்த வேகத்தில் டிஸ்க் வெடித்தால் தடுக்க கார்டும் இல்லை. அப்படித் தெறித்த ஒரு சில்லு தகரக் கதவில் குத்தி நின்றதைப் பார்த்திருக்கிறேன், முக உயரத்தில். அன்று அங்கே யாரும் நிற்கவில்லை.

சூப்பர்வைசரிடம் வாக்குவாதம் வேண்டாம். டிஸ்க்கையும், வேகம் பொறித்த மெஷின் பிளேட்டையும் பக்கத்தில் வைத்து இரண்டு எண்ணையும் காட்டுங்கள். ஏழு இஞ்ச் மெஷினைக் கேட்டு வாங்குங்கள். அது வரும்வரை நாலு இஞ்ச் டிஸ்க்கே போதும், நேரம் ஆனால் ஆகட்டும். அப்புறம், கார்டை இன்றே மாட்டிவிடுங்கள்.